இறக்கத்தின் கணக்கு

மாட்டுப்பட்டி அணையில் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு ஒரே வேலைதான்: கீழே இறங்குவது. ஆற்றோடு மூணாறுக்கு வந்து, அங்கிருந்து மலைக்குள் குடைந்த வழியில் புகுந்து, சரிவில் படுத்திருக்கும் இரும்புக் குழாய்களில் பாய்ந்து, பள்ளிவாசல் மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிடும். 1940-இல் ஓடத் தொடங்கிய பள்ளிவாசல்தான் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம். 37.5 மெகாவாட். அதற்கு ஆண்டு முழுக்கத் தண்ணீர் கொடுக்கத்தான் 1950களின் தொடக்கத்தில் மாட்டுப்பட்டி அணையைக் கட்டி முடித்தார்கள்.

அணையை ஒட்டிய சாலையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகளும் இறங்குகின்றன. ஒரு டன் தண்ணீர் நூறு மீட்டர் இறங்கினாலும் ஒரு டன் ஜீப் நூறு மீட்டர் இறங்கினாலும் இயற்பியலுக்கு இரண்டும் ஒன்றே. வெளியே வரும் ஆற்றலில் ஒரு ஜூல்கூட வித்தியாசம் கிடையாது. தண்ணீர் விட்டது கம்பியில் மின்சாரமாகப் போகிறது. ஜீப் விட்டது எங்கே போகிறது? பெரும்பகுதி, சக்கரங்களுக்குள் மறைந்திருக்கும் இரும்பில் சூடாக ஏறுகிறது.

மலைப்பாதை ஜீப்புக்கு பிரேக்கை நன்றாக்க வேண்டும் என்று யாராவது ஆரம்பித்தால், அடுத்த நிமிடமே பேச்சு டிஸ்க்குக்குப் போய்விடும். டிரம்மைக் கழற்றிப் போட்டுவிட்டு டிஸ்க் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். அதில் பாதி உண்மை. மீதியைக் கணக்குப் போட்டால்தான் பிடிபடும். பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

மூணாறிலிருந்து தேனிப் பக்கம் திரும்பும் வண்டிகள் போடிமெட்டு வழியாக இறங்கும். மெட்டிலிருந்து போடிநாயக்கனூர் வரை ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இறக்கம். ஆளும் மூட்டையும் சேர்த்து ஜீப்பின் எடை இரண்டு டன் என்று வைத்துக்கொள்வோம். 2,000 கிலோவை 9.8-ஆல் பெருக்கி, அதை 1,000 மீட்டரால் பெருக்கினால் 1 கோடியே 96 லட்சம் ஜூல். இந்த எண்ணைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. அதே ஜீப் சமதரையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது மிதித்து நிறுத்தினால் வெளிப்படுவது 2 லட்சத்து 78 ஆயிரம் ஜூல்தான். ஆக, ஒரு தடவை போடிமெட்டு இறங்குவது, நெடுஞ்சாலையில் எழுபது தடவை அடித்து நிறுத்துவதற்குச் சமம். கல்யாண வீட்டு அண்டாவில் அறுபது லிட்டர் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கொதி வரும்வரை எரித்தால் எவ்வளவு சூடு வேண்டுமோ, அவ்வளவு.

எல்லாமே பிரேக்குக்குப் போவதில்லை. டயர் உருளும்போது நசுங்கி நிமிர்வதிலும் காற்றைத் தள்ளிக்கொண்டு போவதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிந்துவிடும். சுமார் 1 கோடியே 20 லட்சம் ஜூல் மிச்சம். ஒரு டிரம் 8 கிலோ என்றால் நான்குக்கும் 32 கிலோ வார்ப்பிரும்பு. இந்த ஆற்றல் முழுவதும் அந்த இரும்பிலேயே தங்கிவிட்டால் அது 800 டிகிரி அளவுக்குச் சூடேறும். உலைக்களத்து இரும்புபோல் செக்கச்செவேல் என்று ஆகிவிடும்.

அப்படி ஆவதில்லை என்பதற்குக் காரணம் இரண்டு பேர். ஒன்று, டிரம்மைத் தழுவிப் போகும் காற்று. இன்னொன்று, கியரில் கிடக்கும் இன்ஜின். இறக்கத்து ஆற்றலை இரும்பு, காற்று, இன்ஜின் ஆகிய மூவரும் எந்த விகிதத்தில் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பதுதான் மலையில் பிரேக்கின் முழுக் கதையும். வண்டிக்கு எதை மாற்றினாலும் கேட்க வேண்டிய கேள்வி, இது யாருடைய பங்கைக் கூட்டுகிறது, யாருடையதைக் குறைக்கிறது என்பதே.

மெதுவாக இறங்கினால் பிரேக் குறைவாகச் சூடாகும் என்று சொல்வது வழக்கம். சொல்வது சரி, காரணம்தான் வேறு. மெதுவாக இறங்கினாலும் வேகமாக இறங்கினாலும் மொத்த ஆற்றல் அதேதான். உயரம் மாறவில்லையே. மாறுவது, அது வந்து சேரும் விரைவு. இருபத்தைந்து கிலோமீட்டர் இறக்கத்தை ஐம்பது நிமிடத்தில் முடித்தால் பிரேக்கும் இன்ஜினும் சேர்ந்து சராசரியாக 4 கிலோவாட்டைச் சமாளிக்க வேண்டும். அரை மணியில் முடிக்க நினைத்தால் 6 கிலோவாட்டைத் தாண்டும். சூடு வரும் விரைவும் காற்று அதை எடுத்துக்கொண்டு போகும் விரைவும் சமமாகும் இடத்தில் டிரம்மின் வெப்பம் நிலைத்து நிற்கும். அந்த இடம் 150 டிகிரியா 350 டிகிரியா என்பதில்தான் உயிர் இருக்கிறது.

இது தார்ச்சாலைக் கதை. ஜீப்பு பிழைப்பு நடத்தும் பாதை வேறு. கொழுக்குமலையை எடுத்துக்கொள்ளுங்கள். மலை இருப்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில். வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஜீப்பில்தான் ஏற வேண்டும். கல்லும் குழியுமான பாதை. அதுபோன்ற பாதையில் ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் துண்டுகள் சாதாரணம். அங்கே மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் இரண்டு டன் ஜீப்பு 10 கிலோவாட்டுக்குச் சற்று மேல் ஆற்றலை விடுகிறது. கற்பாதையில் டயர் படும் பாட்டுக்குக் கால்பங்கு போனாலும் 8 கிலோவாட் மிச்சம். போடிமெட்டுச் சராசரியைப்போல் இரண்டு மடங்கு. ஆனால் காற்று? 30 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரத்தைச் சுற்றி ஓடிய காற்று இங்கே 10 கிலோமீட்டர் வேகத்தில் தவழ்கிறது. சூடு இரண்டு மடங்கு, விசிறி மூன்றில் ஒரு பங்கு. நகரத்தில் நன்றாகப் பிடிக்கும் பிரேக் இந்த மலையில் பதினைந்து நிமிடத்தில் நாறத் தொடங்குவது இதனால்தான்.

காற்றின் பங்கு சுருங்கிவிட்டது, இரும்புக்கு ஒரு கொள்ளளவு உண்டு. ஆகவே இன்ஜினிடம்தான் போக வேண்டும். போர்வீல் ஜீப்பில் கியர் ராடுக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி ராடு இருக்கும். அதை லோ-வில் தள்ளினால் வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைந்து இழுவிசை அத்தனை மடங்கு கூடும். ஏற்றத்தில் திணறும்போது எல்லாரும் அதைத் தேடுவார்கள். இறக்கத்தில் பலருக்கு நினைவு வருவதில்லை.

லோ-வில் முதல் கியர் போட்டால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, இன்ஜின் முப்பது நாற்பது சுற்றுச் சுற்றியாக வேண்டும். இரண்டரை லிட்டர் டீசல் இன்ஜின் ஒன்றை ஆக்சிலரேட்டர் தொடாமல் வெளியிலிருந்து சுற்றினால், பிஸ்டன் உரசலும் பம்புகளின் இழுப்பும் சேர்ந்து 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு எதிர்ப்புக் காட்டும். கையால் திருகிவிடக்கூடிய அளவுதான். அதையே நாற்பதால் பெருக்கினால் 1,600 ஆகிவிடும். டயரின் அடியில் அது 4,400 நியூட்டன் விசை. அந்த ஐந்துக்கு ஒன்று சரிவில் ஜீப்பைக் கீழே இழுப்பது 3,850 நியூட்டன்தான். கால் பிரேக் மேல் படவே வேண்டாம். வண்டி தானாகத் தவழ்ந்து இறங்கும். சூடு முழுவதும் இன்ஜினின் எண்ணெயிலும் ரேடியேட்டர் தண்ணீரிலும் போய்ச் சேரும். அதை வெளியேற்ற விசிறியோடு ஒரு ஏற்பாடு ஏற்கெனவே அங்கே இருக்கிறது. நான்கு சக்கரமும் இன்ஜினோடு இணைந்திருப்பதால் ஒரு சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு வழுக்குவதும் குறைவு. காசு கொடுத்து வாங்கும் எந்த மேம்பாடும் இந்தக் குட்டி ராடுக்கு ஈடாகாது என்பது என் எண்ணம்.

இதற்கு நேர் எதிரானது நியூட்ரலில் உருட்டிவிடுவது. டீசல் மிச்சம் என்பார்கள். அந்தக் காலத்து பம்பு வண்டிகளைப் பற்றி வாதாடலாம். இப்போதைய மின்னணு இன்ஜெக்‌ஷன் இன்ஜின் கியரில் இருந்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் டீசலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். மிச்சமும் இல்லை, இன்ஜின் எடுக்க வேண்டிய சூடு முழுவதும் டிரம்மின் தலையில். சாவியையும் அணைத்துவிட்டால் இன்னும் மோசம். காலின் மிதிக்கு உதவும் பூஸ்டருக்கு வெற்றிடம் தரும் பம்பு நின்றுபோகும். சேமிப்பில் இருப்பதை வைத்து இரண்டு மூன்று மிதி மிதிக்கலாம். அப்புறம் பெடல் கல்.

இனி டிரம்மைத் திறந்து பார்ப்போம். போடியிலோ அடிமாலியிலோ ஒரு பட்டறையில் மலை ஓட்டம் ஓடிய ஜீப்பின் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி உருவி எடுத்தால், முதலில் கொட்டுவது கறுப்புப் பொடி. மழைக்காலமாயிருந்தால் பொடிக்குப் பதில் சேறு. டிரம்மின் உட்புறத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். நல்ல டிரம் சாம்பல் நிறத்தில் ஒரே சீராக மின்னும். காய்ந்த டிரம்மில் அங்கங்கே நீலம் பாய்ந்த திட்டுகள் தெரியும். அந்த இடங்களில் இரும்பு எந்த அளவு சூட்டைப் பார்த்திருக்கிறது என்பதற்கு அந்த நிறமே சாட்சி. விளிம்பை ஒட்டி மயிரிழை வெடிப்புகள் இருக்கும். நகத்தால் தடவினால் தட்டும். லைனரைப் பார்த்தால் கண்ணாடிபோல் வழுவழு என்று பளபளக்கும். மேஸ்திரி அதை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டு, ‘இது எத்தனை நாளைக்குண்ணே? புதுசு ஒட்டிருங்க’ என்பார். டிரம்மைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பிக் கடைந்து வாங்குவதும் உண்டு. அங்கே ஒரு சங்கடம்: கடையக் கடைய டிரம்மின் சுவர் மெலியும். இரும்பு குறைந்தால் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் கொள்ளளவும் குறையும். நன்றாகக் கடைந்த பழைய டிரம், பார்க்கப் புதிதுபோல் இருந்துகொண்டே, புதியதைவிடச் சீக்கிரம் காயும்.

லைனர் எதனால் வழுக்குகிறது? உராய்வுப் பொருட்களைப் பிசினால் பிணைத்து அழுத்திச் செய்யும் பண்டம் அது. அளவு மீறிச் சூடானால் பிசின் ஆவியாகி, டிரம்முக்கும் லைனருக்கும் நடுவில் ஒரு மெல்லிய வாயுப் படலம் புகுந்துகொள்ளும். காலுக்குக் கீழே பெடல் கெட்டியாகத்தான் இருக்கும், பிடிதான் இருக்காது. இந்தப் பண்டத்தின் பிறப்பே ஒரு மலையடிவாரக் கதை. இங்கிலாந்தின் டெர்பிஷயர் குன்றுகளில் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் சக்கரத்துக்குக் கொடுக்கும் மரக்கட்டைமேல் பழைய செருப்புத் தோலை ஆணி அடித்து வைத்திருந்ததை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கவனித்தார் என்பார்கள். 1897-இல் அவர் பிரேக் கட்டை செய்யத் தொடங்கினார். ஃபெரோடோ என்ற பெயரில் இன்றும் விற்கும் லைனர் அந்த வழியில் வந்ததுதான். நம் மாட்டு வண்டிக்காரர்களும் இறக்கத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தவர்கள்தான். கட்டை புகைந்தால் நிறுத்தி ஆறவைக்க வேண்டும் என்ற அறிவு அவர்களுக்குச் சூடு கண்ணுக்குத் தெரிந்ததால் வந்தது. டிரம் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடுகிறது.

டிரம்மிடம் ஒரு தந்திரமும் உண்டு, ஒரு துரோகமும் உண்டு. சக்கரம் சுழலும் திசையில் இருக்கும் ஷூ (லைனர் ஒட்டிய வில்), டிரம்மைத் தொட்டவுடன் சுழற்சியாலேயே இன்னும் உள்ளே இழுக்கப்பட்டு அதிகமாக அழுத்தும். ஓட்டுநர் கொஞ்சம் மிதித்தால் டிரம் மீதியைத் தானே செய்துகொள்ளும். 1941-இன் வில்லிஸ் ராணுவ ஜீப்பு பூஸ்டர் இல்லாமலே நான்கு ஒன்பது அங்குல டிரம்களோடு ஓடியது இந்தத் தந்திரத்தால்தான். 1940களின் இறுதியில் மஹிந்திரா இங்கே பூட்டத் தொடங்கிய ஜீப்புகளும் அந்த வழிதான். துரோகம், சூடான பிறகு. லைனரின் பிடிப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் டிஸ்க்கின் நிறுத்தும் விசையும் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். டிரம்மிலோ பிடிப்புக் குறைந்ததால் அந்தச் சுய இழுப்பும் சேர்ந்து குறைகிறது. மொத்த விசை அதைவிட அதிகமாக விழும். போதாததற்கு இரும்பு சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகிப்போகிறது. அதைத் துரத்திக்கொண்டு பெடல் ஆழமாகப் போகும்.

டிஸ்க் விரிந்தால் அதைக் கவ்வும் பேடை நோக்கித்தான் விரியும். வெளியே திறந்து கிடப்பதால் காற்றுப் படும். ஓடையைக் கடந்தால் இரண்டு சுற்றில் தண்ணீரை உதறிவிடும்; டிரம்முக்குள் புகுந்த சேறோ அங்கேயே குடியிருந்து லைனரை அரைக்கும். இடுக்கிப் பக்கத்து மழைக்கு இது சின்ன விஷயமில்லை. மஹிந்திரா 2010-இல் ‘தார்’ ஜீப்பைக் கொண்டுவந்தபோது முன்சக்கரத்துக்கு டிஸ்க் வைத்ததும், 2020-இல் அதைப் புதிதாக வடித்தபோது பின்னால் டிரம்மையே விட்டதும் கவனிக்கத்தக்கவை. இறக்கத்தில் பாரம் முன்னால் சாயும். வேலை முன்சக்கரத்துக்குத்தான் அதிகம்.

ஆகவே, பழைய ஜீப்பின் முன்பக்கம் டிஸ்க் மாட்டுவது அறிவுள்ள காரியமே. ஆனால் அது தட்டையும் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரையும் மாட்டுவதோடு முடிகிற வேலையல்ல. டிஸ்க்குக்குச் சுய இழுப்பு இல்லை. அதே நிறுத்தும் விசைக்கு எண்ணெயில் அதிக அழுத்தம் வேண்டும். காலால் 30 கிலோ மிதித்து, பெடல் அதை ஆறு மடங்காக்கி, ஓர் அங்குல மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளினால் சதுர சென்டிமீட்டருக்கு 35 கிலோ அழுத்தம் கிடைக்கும். டிரம்முக்கு இது போதும். டிஸ்க்குக்கு இதைப்போல் இரண்டு மடங்கு கேட்கும். ஆகவே பூஸ்டர் வேண்டும். டீசல் இன்ஜினில் தானாக வெற்றிடம் கிடைக்காது, அதற்கு ஒரு பம்பு வேண்டும். டிரம் வண்டியின் மாஸ்டர் சிலிண்டரில், வீல் சிலிண்டரின் கப் வாஷர்கள் தளராமல் இருக்க எண்ணெய்க் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை எப்போதும் பிடித்து வைக்கும் ஒரு குட்டி வால்வு இருக்கும். அதை எடுக்காமல் டிஸ்க்கோடு இணைத்தால் பேடு தட்டைவிட்டு விலகவே விலகாது. வண்டி பிரேக் போட்டபடியே ஓடும். சூட்டைக் குறைக்கப் போட்ட டிஸ்க் சூட்டைக் கூட்டிக்கொண்டிருக்கும்.

பூஸ்டரில் மலைக்கே உரிய ஒரு வேடிக்கை இருக்கிறது. பூஸ்டருக்குள் ஒரு சவ்வு; ஒரு பக்கம் வெற்றிடம், மறு பக்கம் வெளிக்காற்று. உங்கள் காலுக்கு உதவியாகத் தள்ளுவது அந்த வெளிக்காற்றின் அழுத்தம்தான். மாட்டுப்பட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைவு. பூஸ்டரின் உச்ச உதவியும் அந்த அளவே குறையும். இறங்க இறங்கத்தான் அது தேறும். இறக்கம் தொடங்கும் உச்சியில், உதவி தேவைப்படும் இடத்தில், பூஸ்டர் சோனியாக இருக்கிறது. கொச்சியில் ஓட்டிப் பார்த்து ‘நல்லாப் பிடிக்குது’ என்று திருப்திப்பட்ட வண்டி மலைமேல் இருக்கும் டாப் ஸ்டேஷனில் கொஞ்சம் அதிகம் மிதிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிஸ்க்குக்குக் காசு சேர்க்கும் முன் ஒரு டப்பா பிரேக் ஆயில் வாங்குங்கள் என்பேன். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. மூடியிருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகவே மெல்ல ஏறும். டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிவரை கொதிக்காது. எடையில் 3.7 விழுக்காடு ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரிக்கு மேல் உத்தரவாதம் இல்லை. டாட் 4 என்றால் 230-ம் 155-ம். ஆறு மாதம் மழையும் பனியும் மூடிக்கிடக்கும் ஊரில் எண்ணெய் சும்மா இருக்குமா? கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். காலின் விசை சக்கரம் போய்ச் சேராமல் குமிழை நசுக்குவதிலேயே செலவாகும். பெடல் தரையைத் தொடும்.

இது நடக்கும் நேரம் விசித்திரமானது. இறங்கிக்கொண்டிருக்கும்போது நடக்காமல், நிறுத்திய பிறகு நடக்கும். வண்டி ஓடும்வரை கொஞ்சமாவது காற்று உண்டு. டீக்கடையில் நிறுத்தியதும் காற்றும் நின்றுவிடும். டிரம்மிலோ டிஸ்க்கிலோ இருக்கும் சூடு மெல்ல உள்ளே கடந்து சிலிண்டரில் இருக்கும் எண்ணெயை எட்டும். டீ குடித்துவிட்டு வந்து வண்டியை எடுத்தால், முதல் வளைவில் பெடல் காணாமல் போகும். இன்னும் ஒரு மணி நேரம் ஆறினால் ஆவி திரும்பவும் திரவமாகி, பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். விபத்துக்குப் பின் சோதித்துப் பார்ப்பவர் ‘பிரேக்கில் கோளாறு இல்லை’ என்று எழுதினால் அவர் பொய் எழுதவில்லை.

எண்ணெய் மாற்றிவிட்டு ஏர் எடுக்கும் காட்சியை எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பையன், வண்டிக்கு அடியில் மேஸ்திரி. சக்கரத்துக்குப் பின்னாலிருக்கும் முலைபோன்ற நிப்பிளில் ஒரு ரப்பர் குழாய். அதன் மறுமுனை எண்ணெய் ஊற்றிய பாட்டிலில் மூழ்கியிருக்கும். ‘அமுக்கு... அமுக்கு... பிடி.’ ‘பிடிச்சிட்டேண்ணே.’ நிப்பிளைக் கால் சுற்றுத் திருகியதும் பாட்டிலில் குமிழ்கள் புடைத்து வரும், கூடவே பழைய எண்ணெய் கறுத்த டிக்காஷன் நிறத்தில். மறுபடி முடுக்கிவிட்டு, ‘விடு.’ மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கி, கிட்டே இருப்பதில் முடிப்பார்கள். முடுக்கும் முன் பையன் காலை எடுத்துவிட்டால் வெளியே போன காற்று உள்ளே திரும்பும்; திட்டும் விழும். டிஸ்க் மாற்றும் செலவில் பத்தில் ஒரு பங்கு ஆகாத வேலை இது.

இன்னொரு பக்கம், பிரேக்கைக் கெடுக்கும் மேம்பாடுகளும் உண்டு. முதலாவது பெரிய டயர். 28 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 31 அங்குலம் மாட்டினால் ஜீப்பு கம்பீரமாகத்தான் நிற்கும். டிரம் தரும் முறுக்குவிசை அப்படியே இருக்க, ஆரம் கூடியதால் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை பத்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். குட்டி ராடு தந்த இன்ஜின் பிடிப்பும் அதே அளவு குறையும். டயரும் ரிம்மும் கனம் வேறு. இதோடு இரும்பு பம்பர், மேலே கேரியர், பின்னால் இரண்டு ஆள் கூடுதல் என்று ஏற்றினால், டிஸ்க்குக்குச் செலவழித்ததை எதிர்ப்பக்கத்தில் கழித்தாயிற்று.

இரண்டாவது, முன்பக்கத்தை மட்டும் மேம்படுத்திவிட்டுப் பின்னோக்கி உருளுவதை மறப்பது. காட்டுப்பாதைக்கே உரிய ஆபத்து இது. ஏற்றத்தில் பாதியில் இன்ஜின் அணைந்து வண்டி பின்னால் சரியத் தொடங்கினால், பாரம் முழுக்கப் பின்சக்கரத்தின் மேல். முன்சக்கரம் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். அங்கே மாட்டிய விலையுயர்ந்த டிஸ்க் என்ன பிடித்தாலும் டயர் வழுக்கும். காப்பாற்ற வேண்டியது பின்னால் கவனிப்பாரற்றுக் கிடக்கும் டிரம்களும் கைபிரேக்கும். முன்னால் செலவு செய்பவர்கள் பின்பக்க ஷூவையும் சரிபார்த்து அட்ஜஸ்ட் செய்யாமல் விடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

சட்டமும் குறுக்கே நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இதை உறுதிசெய்தது. 2025 ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஜீப் சஃபாரிகளையே நிறுத்தி வைத்தது. ஆக, வேறு வண்டியின் காலிப்பரை பிராக்கெட் வெல்டு செய்து மாட்டும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுக்கொள்வது நல்லது. வெல்டைப் பற்றி எனக்குச் சொந்தமாகவும் ஒரு பயம் உண்டு: நிறுத்தும் விசை முழுவதும் அந்த ஒரு பிராக்கெட்டில்தான் இறங்குகிறது.

மாட்டுப்பட்டி வழியாக ஜீப்புகளுக்கு முன்பே ஒரு ரயில் ஓடியது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். மூணாறுத் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுபோகும். அங்கிருந்து கயிற்றுவழியில் கொட்டகுடிக்கு இறக்கி, போடிக்கு அனுப்புவார்கள். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. கயிற்றுவழியின் இயற்பியல் மட்டும் இன்னும் சுவையானது. ஒரே கயிற்றில் இறங்கும் பெட்டியும் ஏறும் பெட்டியும் தொங்கினால், இறங்குவது விடும் ஆற்றலை ஏறுவது வாங்கிக்கொள்ளும். சூடாக்கி வீணடிக்கத் தேவையே இல்லை.

மின்சார வண்டிகள் ஏறக்குறைய அதைத்தான் செய்கின்றன. இறக்கத்தில் மோட்டாரே டைனமோவாகி, பள்ளிவாசல் சுழலியின் வேலையைச் சின்ன அளவில் செய்து, மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பும். போடிமெட்டுக் கணக்கின் 1 கோடியே 96 லட்சம் ஜூல் என்பது ஐந்தரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. டயரும் காற்றும் எடுத்தது போக மூன்று யூனிட் வரை சேமிக்க வாய்ப்புண்டு. பிரேக் பேடு சூடேகூட ஆகாது. ஒரு நிபந்தனை: பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். மூணாறு லாட்ஜில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, காலையில் நூறு விழுக்காடு காட்டுகிறது என்று மகிழ்ச்சியோடு கிளம்புபவருக்குத் திருப்பி வாங்கிக்கொள்ள இடமில்லை. இன்ஜினும் இல்லை. வண்டி பழையபடி பேடையும் தட்டையும்தான் நம்பும். அதுவும் பேட்டரி கனத்தால் ஜீப்பைவிட எடை கூடிய வண்டி. மெட்டில் இறங்கப்போகிறவர் எண்பதிலேயே சார்ஜரைப் பிடுங்கிவிடலாம். மிச்சத்தில் கொஞ்சத்தை மலை ஏற்றித் தரும்.